பதக்கத்தின் பின்தகடு

நகைக்கடையின் உள்ளறையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: பெரியவர், அவருடைய தம்பி, பெரியவரின் மருமகள், வைரம் சோதிக்கும் அம்மாள். வேறு ஈ காக்கை இல்லை.

மேசைமேல் குடும்பத்துப் பதக்கம் கிடந்தது. எட்ட நின்றாலே கண்ணைப் பறித்த கல், இப்போது கழுவிய கண்ணாடிபோல வெறுமனே விழித்தது. பின்தகடு தேய்ந்துவிட்டதென்று பழுது பார்க்கக் கொடுத்தவள் மருமகள். தகடே வேண்டாம், பின்பக்கம் திறந்திருக்கட்டும் என்று சொன்னவளும் அவள்தான். கல்லை மாற்றிவிட்டாள் என்று சொந்தபந்தமெல்லாம் அவள் பெயரை வாயில் போட்டு மென்றது.

தம்பி பதக்கத்தைச் செய்தித்தாள்மேல் வைத்தார்.

"பாருங்கண்ணே, எழுத்து அப்படியே தெரியுது. வைரமாம் வைரம்! நம்ம தலையில நல்லா மொளகா அரைச்சுட்டா."

"சின்ன மாமா, நான் எடுத்திருந்தா இங்க வந்து உக்காந்திருப்பேனா?" என்றாள் மருமகள். "மாமா, நீங்களாவது வாயத் திறங்க."

பெரியவர் பதக்கத்தை அம்மாள் பக்கம் நகர்த்தினார். குற்றம் உறுதியானால் இன்றே அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்ற முடிவோடுதான் வந்திருந்தார்.

அம்மாள் கருவியின் முனையைக் கல்லில் வைத்தார். அது கீச்சிட்டது.

"அசல் வைரம்ங்க."

பெரியவர் லென்ஸைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தார். ஓரத்தில் எள்ளளவு கரும்புள்ளி. அப்பா காட்டிய அதே புள்ளி. அதே கல்.

"அப்போ ஜொலிப்பு எங்கம்மா போச்சு?"

"அது கல்லுல எப்பவுமே இருந்ததில்லைங்க. அளவா பட்டை தீட்டியிருந்தா, உள்ள வர்ற வெளிச்சம் அடிப்பக்கம் முட்டி மேல திரும்பும். இது ரொம்பத் தட்டை. ஓட்டை வாளி மாதிரி கீழ ஒழுகிடுது. இத்தனை நாளா மின்னினது தகட்டுக்குள்ள இருந்த வெள்ளித்தாள். அகலம் குறையக் கூடாதுன்னு யாரோ அடம்பிடிச்சு வெட்ட வச்சிருக்காங்க."

அந்த 'யாரோ' யாரென்று பெரியவருக்குத் தெரியும். 'மயிரிழைகூடக் குறைக்க விடலை' என்று அப்பா ஒவ்வொரு கல்யாணத்திலும் மீசையை முறுக்குவார். அவருக்குப் பின் அதைச் சொல்லிச் சொல்லி நெஞ்சு நிமிர்த்தியது இவரேதான்.

"தாளைத் திரும்ப ஒட்டிட்டா யாருக்குண்ணே தெரியப்போகுது?" என்று தம்பி கிசுகிசுத்தார்.

"வாய மூடுறா." பெரியவர் பதக்கத்தை எடுத்து மருமகளிடம் நீட்டினார். "இப்படியே போட்டுக்கம்மா. நாளைக்கு நம்ம வீட்டு விசேஷத்துக்கு என் பக்கத்துல நில்லு. கேக்குறவங்களுக்கு நான் பதில் சொல்றேன்."

மருமகள் கல்லை விற்றுவிட்டாள், பெரியவர் மானத்துக்குப் பயந்து மூடி மறைத்தார் என்று இன்றும் சிலர் பேசுகிறார்கள். அது பொய். கல் மாறவே இல்லை. அதைக் கெடுத்து வெட்டவைத்தவர் பெரியவரின் அப்பா.