இளைத்துப் போன போர்வை

“அம்மா, இந்தப் போர்வை ஏன் இளைச்சிக்கிட்டே போகுது?” என்று மகள் கேட்ட பிறகுதான் டெல்சி பார்த்தாள். ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கண்ணியை விட்டுவிட்டுப் பின்னியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தங்கை குழந்தைக்கு ஞானஸ்நானம்; அதற்குத்தான் இந்தப் போர்வை.

“இன்னும் நாலு வரிசை போட்டீங்கன்னா பாப்பாவோட அப்பாவுக்கு டை கட்டிறலாம்க்கா,” என்று தேயிலைத் தோட்டத்து லயத்தில் அடுத்த வீட்டுக் கிருஷாந்தி சிரித்தாள்.

“போடி! சுத்திக் கரை பின்னினா யாருக்குத் தெரியப்போகுது?” என்றாலும் டெல்சிக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கையின் மாப்பிள்ளை வீட்டார் முன் இதை எப்படி விரிப்பது?

மறுநாள் வீட்டுச் சாவியைக் கிருஷாந்தியிடம் கொடுத்துவிட்டு டெல்சி கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள். அன்று வேலைக்குப் போகாத கிருஷாந்தி, குறுகிய வரிசைகளைப் பிரித்து, கண்ணி எண்ணி மறுபடி நேராகப் பின்னினாள். கை வீங்கியிருந்த மாதம் தன் கூடையில் சத்தமில்லாமல் கொழுந்து போட்டது யாரென்று அவளுக்குத் தெரியும். கரையை மட்டும் டெல்சிக்கே விட்டுவைத்து, கதவைப் பூட்டினாள்.