துப்பாக்கி அணியின் இரண்டாவது பேச்சாளர்

நான் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது என் தம்பி பாண்டித்துரை மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் செல்போன் சார்ஜரைச் சொருகினான். எங்கள் லைன் வீட்டில் பிளக் பாயின்ட் ஒன்றுதான். தேங்காய் பாதிதான் அரைபட்டிருந்தது.

"அரைச்சது போதும்க்கா. சட்னி என்ன பரீட்சைக்கா போவுது" என்றான்.

வாசலில் மோகன்ராஜ் வண்டியின் பின் சீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். அவன் சாமளாபுரத்துப் பையன். நாங்கள் மூவரும் அருள்புரத்தில் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் செக்கிங், தம்பி பவர் டேபிளில் தையல், மோகன்ராஜ் பேக்கிங். தைக்கக் கொடுத்த பேன்ட்டை வாங்கப் பல்லடம் போய்வருவதாகச் சொல்லிவிட்டு, போனைச் சார்ஜிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை. லைன் வீட்டில் மற்றவர்கள் எல்லாரும் சந்தைக்குப் போயிருந்தார்கள்.

வண்டி தாராபுரத்துக்காரர் ஒருவரிடம் தம்பி பழையதாக வாங்கியது. பெயர் மாற்றவில்லை. பாண்டித்துரை லைசென்ஸும் எடுக்கவில்லை. எங்கள் கம்பெனியில் பாதிப் பேருடைய நிலைமை அதுதான்.

மறுநாள் காலையில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் உடலை அடையாளம் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். பேப்பரை அதற்கப்புறம்தான் படித்தேன். வாகனச் சோதனையில் நிற்காமல் சென்ற வழிப்பறிக் கும்பலைப் போலீஸார் துரத்தியதாகவும், ஒருவன் எஸ்.ஐ.யை அரிவாளால் வெட்டியதாகவும், தற்காப்புக்காகச் சுட்டதில் அவன் இறந்ததாகவும், மற்றொருவன் தப்பி ஓடியதாகவும் போட்டிருந்தார்கள். வண்டி வேறொருவர் பெயரில் இருந்ததால் திருட்டு வண்டி ஆகியிருந்தது. நாங்கள் தெற்கே விளாத்திகுளம் பக்கத்துக்காரர்கள் என்பதால் அரிவாளைப் பற்றி யாரும் சந்தேகப்படவில்லை. எங்கள் வீட்டில் அரிவாள் கிடையாது. தேங்காய் உடைப்பதற்குக்கூட வீட்டுக்கார அம்மா மருதாளிடம்தான் இரவல் வாங்குவோம்.

அந்தப் பல்லடம் சாலையில் அதற்கு முன்பு நாலைந்து செயின் பறிப்புகள் நடந்திருந்தன. அதனால் ஊரில் பலருக்குத் திருப்தி. கடைவீதியில் போலீஸுக்கு நன்றி சொல்லித் தட்டி வைத்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து சில வக்கீல்கள் வந்து கண்டனக் கூட்டம் போட்டார்கள். டீக்கடைகளில் இரண்டு பக்கமும் பேச்சு நடந்தது. மருதாள் என்னிடம் நேராகவே சொன்னாள்.

"கெட்டவனுகளைச் சுட்டா நல்லதுதான் கண்ணு. நம்ம பாண்டியைச் சுட்டதுதான் தப்பு."

ஊரின் கருத்தை அவளைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

கோட்டாட்சியர் விசாரணை என்று அறிவிப்பு வந்தது. சம்பவம் பற்றித் தெரிந்தவர்கள் யாரும் நேரில் வந்து வாக்குமூலம் தரலாம். தம்பி திரும்பி வரமாட்டான் என்பது எனக்குத் தெரியும். அவன் கையில் அரிவாள் இல்லை, அவன் யாரையும் வெட்டவில்லை என்று அந்த விசாரணையில் எழுதிவிட்டால் போதும் என்றிருந்தது. அதைச் சொல்லக்கூடிய ஆள் ஒருவன்தான். ஒரு வாரம் காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டு வந்து, அவன் பேக்கிங்கில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். மோகன்ராஜ் டிபன் பாக்ஸைத் திறக்காமலேயே வைத்திருந்தான்.

"நான் வந்து சொன்னா, தப்பிச்சு ஓடுனவன் நாந்தான்னு ஆயிருமுங்க அக்கா. என்னையப் புடிக்க வரப்பவும் அருவா ஒண்ணு கொண்டாருவாங்க."

அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

பொங்கல் வந்தது. வியாபாரிகளும் குடியிருப்போரும் சேர்ந்து நடத்தும் விழாவில் வருஷா வருஷம் பட்டிமன்றம் உண்டு. அந்த வருஷத் தலைப்பு, 'குற்றங்கள் குறையத் துணை நிற்பது துப்பாக்கியா? நீதிமன்றமா?' மோகன்ராஜ் கம்பெனி ஆண்டு விழாக்களில் பேசிக் கைதட்டு வாங்கியவன். விழாச் செயலாளர் அவனைத் துப்பாக்கி அணியில் இரண்டாவது பேச்சாளராகப் போட்டுவிட்டார். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள் என்பதால் ஒத்துக்கொண்டதாக என்னிடம் வந்து சொன்னான். அன்றைக்கு மட்டும் நான் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.

போனேன். மருதாளும் கூட வந்தாள். பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் இடம் விட்டார்கள். பக்கத்து ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் சிறப்பு விருந்தினர். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். உள்ளூர் கேபிள் நடத்தும் தவசி கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தார்.

நீதிமன்ற அணிக்குத் தலைவி தமிழ்மதி, பள்ளிக்கூட டீச்சர். கையைத் தூக்கிக்கொண்டு நிற்பவனைச் சுட்டால் அதற்கும் தற்காப்பு என்றுதான் பெயரா, எதிரணி நண்பர் பதில் சொல்லிவிட்டு உட்காரட்டும் என்று முடித்தார். பாதிக் கூட்டம் கைதட்டியது.

மோகன்ராஜ் எழுந்தான். கோர்ட்டுக்குப் போனால் தாத்தா போட்ட கேஸுக்குப் பேரன் வாய்தா வாங்குவான் என்று ஆரம்பித்தான். மீதிப் பாதி கைதட்டியது. இன்னும் இரண்டு ஜோக் சொன்னான். பிறகு டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தான். கொஞ்சம் அதிக நேரம் குடித்தான்.

"கையைத் தூக்குனானான்னு கேக்கறாங்க. தூக்குனானுங்க. ரெண்டு கையையும் தூக்குனான். வண்டி சாஞ்சு கெடக்குது, அந்தப் பக்கம் சோளக்காடு. ஜீப் லைட்டு மூஞ்சியில அடிக்குது. அப்ப அவன் என்ன சொன்னான் தெரியுங்களா நடுவர் அவர்களே?"

"என்னப்பா சொன்னான்?" என்று நடுவர் இழுத்துக் கேட்டார். நடுவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

மோகன்ராஜ் தெற்கத்திப் பேச்சுக்கு மாறினான்.

"'சார், லைசென்சு எடுக்கல சார். அடுத்தாரம் எடுத்துருதேன் சார்.'"

பந்தலே சிரித்தது. எங்கள் ஊர்ப் பேச்சைப் பேசிக் காட்டினால் இந்தப் பக்கம் எப்போதும் சிரிப்பார்கள். ஆனால் அது யாரோ ஒரு தெற்கத்தியான் பேச்சு இல்லை. 'அடுத்த வாரம்' என்பதைப் பாண்டித்துரை நடுவில் விழுங்கித்தான் சொல்வான். அதை மோகன்ராஜ் அப்படியே விழுங்கினான். என் தம்பி கடைசியாகப் பேசியதை நான் மைக்கில், எதிரொலியோடு, சிரிப்புக்கு நடுவில் கேட்டேன்.

மருதாளும் சிரித்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"அருவா இருந்துச்சுங்களா? இல்லீங்க. அப்பறம் எதுக்குச் சுட்டாங்க?" என்று கேட்டுவிட்டு மோகன்ராஜ் நின்றான். அவன் அணிக்குச் சாதகமாக ஒரு காரணம் சொல்ல வேண்டிய இடம் அது. நடுவர் நேரம் முடிந்ததென்று மணியடித்தார். "எனவே துப்பாக்கியே என்று கூறி அமர்கிறேன்" என்று உட்கார்ந்தான்.

தன் கட்சியையே சுட்டுவிட்ட வீரர் என்று நடுவர் அவனைப் பாராட்டினார். இரண்டும் வேண்டும், ஆனால் அளவோடு வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். பேச்சாளர்களுக்கு ஆளுக்கொரு பெட்டி பனியன் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் போகும்போது மோகன்ராஜின் தோளில் தட்டி, இந்தத் தம்பி சினிமாவில் நடிக்கப் போகலாம் என்றார்.

தவசியிடம் கேட்டு சி.டி. வாங்கிக்கொண்டு கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனேன். மோகன்ராஜ் பெயரை நான் சொல்லவில்லை. இதைப் பார்த்துவிட்டு விசாரியுங்கள் என்று மட்டும் சொன்னேன். கொடுக்கும்போதே அவன் முகம் அதில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு ஆள் ஆயிரம் பேர் முன்னால் சொன்னதை ஒரு அறையிலும் சொல்லிவிடுவான் என்று நினைத்தேன்.

என்னையும் மோகன்ராஜையும் ஒரே நாளில் கூப்பிட்டார்கள். கோட்டாட்சியர் மரியாதையான மனிதர். என்னை உட்காரச் சொன்னார். கம்ப்யூட்டரில் முழுப் பட்டிமன்றத்தையும் பார்த்துவிட்டதாகவும், நன்றாக இருந்ததாகவும் சொன்னார். மேடையில் சொன்னது எப்படித் தெரியும் என்று மோகன்ராஜைக் கேட்டார்.

"பேச்சுக்காகச் சொன்னதுங்க சார். கைதட்டறதுக்காக. எல்லாம் கற்பனைங்க."

டைப் அடித்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்க தம்பிகூட அன்னைக்கு வண்டியில போனது யாரும்மா? நீங்க பாத்தீங்களா?"

மோகன்ராஜ் என் பக்கத்து நாற்காலியில் இருந்தான். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த காலண்டர் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெயரைச் சொன்னால் கற்பனை என்றது சாட்சியம் ஆகிவிடும். அதே வாயால் தேடப்படுபவனும் கிடைத்துவிடுவான். கிடைத்த பிறகு அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போகிறவர்கள் கோட்டாட்சியரின் ஆட்கள் இல்லை.

"யாரும் போகல சார். தனியாத்தான் போனான்" என்றேன்.

அதையும் டைப் அடித்தார்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். பிழை எதுவும் இல்லை.

வெளியே வந்து எதிர்க்கடையில் டீ சொன்னோம். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்குத் தம்பி வேறு ஏதாவது சொன்னானா என்று கேட்டேன். டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டுச் சொன்னான்.

"பின்னாடி இருந்தவன் எங்கடான்னு கேட்டாங்க. 'யாரும் இல்ல சார், நான் தனியாத்தான் வந்தேன்'னானுங்க அக்கா. நான் காட்டுக்குள்ள படுத்துக் கெடந்தேன். அதை மட்டும் மேடையில சொல்லல."

டீ ஆறிவிட்டது. குடித்தோம். அவனே காசு கொடுக்கப் போனான், விட்டுவிட்டேன்.

சுட்டது நியாயம் என்று அறிக்கை வந்தது. எஸ்.ஐ. மாற்றலாகிப் போனார். டீக்கடைகளில் பேச்சு வேறு சாவுகளுக்கு நகர்ந்தது. நான் இன்னும் செக்கிங்கில்தான் இருக்கிறேன். மோகன்ராஜ் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். மேடையில் பேசுவதில்லை என்று கேள்வி.

தம்பியைச் சுட்ட இடத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் வண்டிகளை நிறுத்துகிறார்கள். கம்பெனிப் பையன்கள் பிடிபட்டுக் கட்டிவிட்டு வருகிறார்கள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அபராதம் ஐந்நூறு ரூபாய். அந்த வருஷமும் அவ்வளவுதான் இருந்தது.