முகம் மட்டும் அறிமுகம்

இருபத்திரண்டு வருஷமாகக் கதாநாயகிகளுக்குக் குரல் கொடுத்து வந்தவளை டப்பிங் கூடத்தில் எல்லோரும் மைக்கக்கா என்பார்கள். வெளியே, காய்கறிக்கடைக்காரருக்குக்கூட அவளைத் தெரியாது. நாற்பத்தெட்டு வயதில் ஓர் இயக்குநர் அவளை நடிக்கவே கூப்பிட்டார். கதாநாயகிக்கு அம்மா வேடம், நாலே காட்சி. டைட்டிலில் அவள் பெயருக்கு முன்னால் 'அறிமுகம்' என்று போடுவார்களாம்.

அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அச்சகத்தில் பிழை திருத்தும் கணவரிடம் கேட்டாள்: "ஏங்க, அறிமுகம்னா சரியா என்ன அர்த்தம்?"

"அறிந்த முகம், அறிகிற முகம், அறியும் முகம். எப்படி வேணா பிரிக்கலாம். வினைத்தொகை. காலம் உள்ளே ஒளிஞ்சிருக்கும்."

"எனக்கு எந்தக் காலம்?"

"இனிமேதான்," என்று சிரித்தார்.

படப்பிடிப்பில், மகள் அறைக்கதவைச் சாத்திக்கொள்ள, அம்மா வெளியே நின்று கெஞ்சும் காட்சி. கிளிசரின் இல்லாமலே அழுதாள். ஒரே டேக்.

டப்பிங் அன்று ஒலிப்பதிவாளர் அவளிடம் கதாநாயகியின் வசனத்தாளை நீட்டினார்.

"அம்மாவோடது எங்கே?"

இயக்குநர் தலையைச் சொறிந்தார். "ஹீரோயினுக்கு உங்க குரல்தான் வேணும்னு தயாரிப்பாளர் ஒத்தைக்கால்ல நிக்கிறார்க்கா. அம்மாவும் மகளும் ஒரே குரல்ல பேச முடியாதுல்ல?"

"அப்ப எனக்கு யாரு பேசுறது?"

மூலையில் ஒருத்தி தாளோடு உட்கார்ந்திருந்தாள். குரல் கொடுக்க முதல்முறையாக வந்தவள். "எனக்கும் அறிமுகம்னு போடுவாங்களாக்கா?" என்றாள்.

"குரலுக்குப் போட மாட்டாங்கம்மா." அவளிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

"நானே ரெண்டையும் மாத்திப் பேசுறேன் சார்," என்று மைக்கக்கா மன்றாடினாள். பேசியும் காட்டினாள். குரலைத் தடிக்க வைத்தாள், கரகரக்க வைத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் கையை விரித்தார். எப்படிப் பேசினாலும் அது அந்தக் கதாநாயகியாகவே கேட்டது.

படம் வந்தது. தியேட்டரில் கணவரோடு உட்கார்ந்து பார்த்தாள். கதவுக் காட்சியில் அவள் முகம் யாரோ ஒருத்தியின் குரலில் கெஞ்சியது. உள்ளேயிருந்து அவளுடைய சொந்தக் குரல் சீறியது: "போம்மா! உன் மூஞ்சியப் பாக்கவே பிடிக்கல!"

பக்கத்து இருக்கைக்காரி மூக்கை உறிஞ்சினாள். இவள் பக்கம் திரும்பவேயில்லை.

கணவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஏதாவது சொல்லவேண்டுமே என்று தவித்து, "நல்லாப் பேசியிருக்கே," என்றார்.

"யாரு?" என்றாள்.