ஏகநாதனின் இடது கால்

1.

தமிழ்ச் சிறுகதைக்கு ஒழுங்காக முடிவு எழுதத் தெரிந்தவர் இன்றைய தேதியில் ஒரே ஒருவர்தான் மிஞ்சியிருக்கிறார். பெயர் தினகரன். வயது இருபது. மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. வசிப்பது அஸ்தினாபுரத்தில்.

'முடிவை வாசகரிடமே விடுகிறேன்' என்று கதையை நிறுத்துகிறவர்களைப் பற்றி அவன் கல்லூரி இதழில் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறான். அவர்கள் சாம்பார் வைக்கத் தெரியாமல், பருப்பையும் புளியையும் விருந்தாளியின் இலையில் தனித்தனியாக வைத்துவிட்டு, கலந்துகொள்ளுங்கள் என்று சொல்கிறவர்கள் என்பது அவன் தீர்ப்பு. வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. தன் நகைச்சுவைக்குத் தான் சிரிப்பதில்லை என்பது கொள்கை.

இந்தக் கதையை எழுதுகிறவன் அவன்தான். கதைக்குள்ளும் அவனே வருகிறான். ஆகவே இதற்கு முடிவு உண்டு. நிச்சயம் உண்டு.

கதை எங்கிருந்து வந்தது என்பதையும் ஒளிக்கப்போவதில்லை. வீட்டுக் காரின் பானட்டுக்குள்ளிருந்து வந்தது. (பாதி. மீதி அவனுடைய பேண்ட் பாக்கெட்டிலிருந்து. அது பிறகு.)

2.

முதல் தொடக்கம்: 'மேடவாக்கம் மேம்பாலம் ஒரு மாபெரும் மலைப்பாம்பைப் போல' — வேண்டாம். மேம்பாலத்தை மலைப்பாம்பு ஆக்காதவர் யார்?

அடுத்த தொடக்கம்: 'இயந்திரங்களுக்கும் ஆன்மா உண்டோ என்று' — இதுவும் வேண்டாம். உண்டென்றால் இந்தக் கதையில் அது தினகரனைக் காறித் துப்பியிருக்கும்.

கடைசியில், வேறு வழியில்லாமல், நடந்தது:

நாவலூரில் ஓர் உறவினர் வீட்டு கிரகப்பிரவேசம் முடிந்து, மத்தியானச் சாப்பாட்டு மயக்கத்தில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். முன்னிருக்கையில் அப்பா சத்யநாராயணன், பள்ளிக் கணக்கு ஆசிரியர். பின்னால் அம்மா ஜெயஸ்ரீயும் தினகரனும். ஓட்டியவர் ஏகநாதன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. தினகரனோ லைசென்ஸ் டெஸ்டில் எட்டுப் போடத் தெரியாமல் தோற்றவன். அதனால் எங்கே போவதென்றாலும் ஆக்டிங் டிரைவர். கூப்பிட்ட அன்றைக்கு வந்து ஓட்டிவிட்டுப் போகிறவர். காலனியில் பாதி வீட்டுக்கு ஏகநாதன்தான்.

மேடவாக்கம் மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி சட்டென்று இழுவையை இழந்தது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க வேகம் குறைந்தது. பின்னால் வந்த பஸ் ஹாரனிலேயே திட்டியது. நிரம்பி வழிந்த ஒரு ஷேர் ஆட்டோ அவர்களைத் தாண்டிப் போனது. ஓரம்கட்டி அணைத்துவிட்டு மறுபடி போட்டால், இன்ஜின் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது. நின்றால் நல்ல பிள்ளை. ஏற்றத்தில் மிதித்தால் மட்டும் மூச்சு முட்டியது.

அப்பா பின்னால் திரும்பினார். "நீ சொல்லுடா. இதுக்குத்தானே படிக்கிற."

தெரியாது என்று தினகரன் சொல்லியிருந்தால் கதையே இல்லை. "கிளட்ச் ஸ்லிப் ஆகுதுப்பா," என்றான். "கிளட்ச் மேலயே காலை வச்சுக்கிட்டு ஓட்டினா இப்படித்தான் ஆகும்."*

(*அடிக்குறிப்பு: கிளட்ச் நழுவினால் இன்ஜின் கத்தும், வண்டி மட்டும் போகாது. இங்கே இன்ஜினே அமுங்கியது. மூன்றாம் ஆண்டு மாணவனுக்கு இது தெரியும். அப்பாவுக்குத் தெரியாது என்பதும் அவனுக்குத் தெரியும்.)

ஏகநாதன் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். பதிலை அப்பாவிடம் சொன்னார். "நான் அப்டி ஓட்ற ஆள் இல்ல சார்." இன்னொரு தரம் சொல்லவில்லை.

எப்படியோ உருட்டிக்கொண்டு வீடு வந்ததும் அப்பா காலனி வாட்ஸப் குழுவில் எழுதினார்: ஏகநாதனை அழைக்கும் நண்பர்கள் கவனம், எங்கள் வண்டியின் கிளட்சைக் கெடுத்துவிட்டார். கீழே மளமளவென்று கட்டைவிரல்கள் முளைத்தன.

3.

இந்த இடத்தில் கதையின் ஆசிரியருக்கு ஏகநாதன்மேல் சந்தேகம் வருகிறது. ஒரு மனிதர் கோபப்பட வேண்டாமா? 'சாவியை வீசி எறிந்தார்' என்று ஒரு வரைவில் எழுதிப் பார்த்தான். அவர் எறியவில்லை. கண்ணாடிகளை மேலே ஏற்றிவிட்டு, சாவியை அம்மா கையில் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அடுத்த வரைவில் அவரைக் குடிகாரர் ஆக்கிப் பார்த்தான். கதை அருமையாக ஓடியது. ஓடியதாலேயே பயந்துபோய் அதைக் கிழித்துப் போட்டான்.

(கிழிக்கவில்லை. லேப்டாப்பில் இருக்கிறது.)

4.

அடுத்து வரும் பத்தி உண்மையில் இரண்டாம் பகுதிக்கு முன்பே வந்திருக்க வேண்டும். ஆசிரியர் இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். உத்தி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

காலனிப் பெருச்சாளிகளுக்கு பானட்டுக்குள் புகுந்து வயரைக் கடிப்பது பழக்கம். வீட்டுக்கு ஒரு வைத்தியம் உண்டு. அப்பா அந்துருண்டை போட்டு வந்தார். விஞ்ஞானமில்லை என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டு, தினகரன் புகையிலை வாங்கி ஒரு தாம்பூலப் பையில் போட்டு, இன்ஜினுக்குக் காற்று இழுக்கும் குழாயின் வாய்க்குப் பக்கத்தில் நூலால் கட்டித் தொங்கவிட்டான். அத்தை மகள் கல்யாணத்தில் கொடுத்த மெல்லிய பை. 'சின்மயி – ராஜகோபால்' என்று தங்க எழுத்தில் போட்டிருக்கும். கட்டியதோடு அதை மறந்தும் போனான்.

மேம்பாலத்துக்கு மறுநாள் காலை, பட்டறைக்காரர் வருவதற்குள் தானே ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று பானட்டைத் திறந்தான். அம்மாவை டிரைவர் இருக்கையில் உட்காரவைத்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னான்.

புகையிலை எங்கேயோ கொட்டிப்போய், ஒரு நூலில் வெறும் பை ஆடிக்கொண்டிருந்தது. அம்மா மிதித்ததும் அது பறந்துபோய்க் குழாயின் வாயில் அப்பிக்கொண்டது. இன்ஜின் அமுங்கியது. அம்மா காலை எடுத்தாள், பை விழுந்தது. மிதித்தாள், அப்பியது. மிதிக்கும்போதெல்லாம் மணமக்கள் இருவரும் சேர்ந்து காற்றை அடைத்தார்கள்.

"என்னடா, தெரிஞ்சுதா?" தூக்கிய பானட்டுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல்.

"ஒண்ணுமில்லம்மா. கிளட்ச கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணேன்."

பை பாக்கெட்டுக்குள் போனது. எதிர்வீட்டுக்காரர் மேம்பாலம் வரை ஓட்டிப் பார்த்து, புது வண்டி மாதிரி இருக்கிறது என்றார். கெடுத்த கிளட்சை என் மகனே சரிசெய்துவிட்டான் என்று அப்பா குழுவில் எழுதினார். மறுபடி கட்டைவிரல்கள். அம்மா கேசரி கிண்டினாள். மறுத்திருக்கலாம். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

5.

ஏகநாதன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். கேட்டைத் திறக்கவில்லை. தினகரன் வாசலுக்கு வந்ததும், அப்பாவை எழுப்ப வேண்டாம் என்று கையைக் காட்டினார். காலனியில் இப்போது யாரும் கூப்பிடுவதில்லை என்பதை, யார்மேலும் குற்றமில்லாத ஒரு வானிலைச் செய்தியைப் போலச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உன்னாண்டதான் ஒண்ணு கேக்கணும் தம்பி. வண்டிய நீதான பிரிச்சுப் பாத்த? நெசமாவே என் கால் கிளட்ச் மேலதான் கீதா? எனுக்குத் தெர்ல. இத்தினி வருசத்துல யாரும் சொன்னதில்ல. இப்பல்லாம் வண்டில குந்தினா காலையே பாத்துகினு கீறேன், ரோட்டப் பாக்க மாட்டேன்றேன். கோவளத்தாண்ட ஒரு அம்மா குறுக்க வந்துச்சு, நூல்ல தப்பிச்சிது. நீ படிச்ச புள்ள. என் மேல மிஸ்டேக்குன்னா சொல்லிடு, மாத்திக்கிறேன்."

6.

சாத்தியமான முடிவுகளை ஆசிரியர் பரிசீலிக்கிறார்.

முடிவு ஒன்று. தினகரன் பையை எடுத்து நீட்டுகிறான். ஏகநாதன் வயிறு குலுங்கச் சிரிக்கிறார். அப்பா எழுந்துவந்து குழுவில் திருத்தம் போடுகிறார். (இதில் ஏகநாதன் எதற்குச் சிரிக்கிறார்? யாருடைய வசதிக்காக?)

இன்னொன்று. "பெருச்சாளி வயரைக் கடிச்சிருந்துச்சுண்ணா." அழகான பொய். காலுக்கும் பழியில்லை, கைக்கும் பழியில்லை. பெருச்சாளி எந்த வாட்ஸப் குழுவிலும் கிடையாது. ஆனால் அப்பாவிடம் கிளட்ச், இவரிடம் பெருச்சாளி. இருவரும் ஆயுளுக்கும் தெருவில் சந்திக்காமல் இருக்க வேண்டும்.

அப்புறம், 'ஆமாண்ணா, இனிமே கொஞ்சம் பாத்து' —

இந்த வாக்கியத்தை எழுத ஆரம்பித்தவன் அவன்தான். அதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

7.

பதில் வராததைப் பார்த்து, சொன்னது புரியவில்லை போலிருக்கிறது என்று ஏகநாதன் நினைத்துக்கொண்டார். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது காலைச் செருப்பிலிருந்து எடுத்தார். வெறும் காலால் சிமெண்டுத் தரையில் இல்லாத ஒரு கிளட்சை மிதித்தார்.

"இப்டித்தான் வப்பேன். பாரு தம்பி."

கால் அழுத்தியது. எழும்பியது. முழுதாக விலகி, பக்கத்தில் போய் அடக்கமாக நின்றது. வெயிலில் தரை சுட்டிருக்கும். இன்னொரு தரம் செய்து காட்டினார், இன்னும் மெதுவாக, அவன் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க வசதியாக.

தினகரன் வாயைத் திறந்தான். "அண்ணா, அது வந்து" —

இது முடிவுக்கென்று ஒதுக்கிய இடம்.

நீங்கள் இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். அவர் கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறார், இன்னும் செருப்பை மாட்டவில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள்.

மெதுவாக. அப்பா உள்ளே தூங்குகிறார்.