உன் பக்கம் சாயுது

கை ட்ரில்லால் இரும்பில் மூன்று மில்லிமீட்டர் துளையை நேராகப் போட இரண்டு பேர் வேண்டும். ட்ரில்லைப் பிடிக்கிறவளுக்கு அது இடமோ வலமோ சாய்ந்தால் தெரியும். முன்னே பின்னே சாய்ந்தால் தெரியவே தெரியாது. பக்கவாட்டில் ஒருவர் குனிந்து பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்குப் பன்னிரண்டு வருடமாகப் பார்த்துச் சொன்னவன் என் தம்பி. மூன்று மாதமாக நாங்கள் பேசுவதில்லை.

காரணம் ஒரு கோணல் துளை. "உன் கை சாஞ்சுது" என்றான். "உன் கண்ணு எங்கயோ மேஞ்சுது" என்றேன். வாய் சும்மா இருக்குமா? சின்ன வயதில் யார் சைக்கிளை யார் உடைத்தது என்பதுவரை போய் நின்றது. அதன்பிறகு ஒரே பட்டறையில் அவன் லேத்தில், நான் ட்ரில்லில், நடுவே அவன் மனைவி. நான் இரண்டடி தள்ளி நிற்கும்போதே, "அவங்க டீ குடிச்சாச்சான்னு கேளு" என்பான் அவளிடம். அக்காவாக இருந்தவள் 'அவங்க' ஆகிவிட்டேன். சண்டையைவிட அதுதான் வலித்தது.

அன்று அச்சகக்காரர் கூப்பிட்டார். காகிதம் வெட்டும் இயந்திரத்தின் அடித்தட்டில் இரண்டு துளை போட்டு, ஆணி மாதிரியான இரும்புப் பின்களை அடித்து இறக்க வேண்டும். யானைக் கனம், பட்டறைக்குத் தூக்கி வர முடியாது. கை ட்ரில்தான் கதி. மூவரும் போனோம். கைவசம் ட்ரில்லில் மாட்டும் பிட் இரண்டே இரண்டு.

முதலில் ஒரு கழிவு இரும்பில் ஒத்திகை.

"அவங்க பக்கம் சாயுதுன்னு சொல்லு" என்றான் தம்பி.

"அண்ணி, உங்க பக்கம் சாயுதாம்."

அதற்குள் அவன் குரல் கேட்டு நானே நிமிர்த்தியிருந்தேன். இதைக் கேட்டு இன்னும் கொஞ்சம் தள்ளினேன்.

"ஐயோ, இப்ப அந்தப் பக்கம் போகுதுன்னு சொல்லு!"

அவள் வாயைத் திறப்பதற்குள் 'டக்'. பிட் இரண்டு துண்டு. அச்சகக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நான் என்ன தபால்காரியா?" என்று தம்பி மனைவி வெடித்தாள். "எட்டு செகண்டு வேலைக்கு நடுவுல எத்தனை தடவை நான் போய்ட்டு வர்றது? ஆளை விடுங்க!" விறுவிறுவென்று வாசலுக்குப் போய்விட்டாள்.

மிச்சம் ஒரே பிட். அடித்தட்டில் பஞ்ச் உளியால் தட்டிய குழியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். தம்பி பக்கவாட்டில் குனிந்தான். ட்ரில்லை ஓட்டினேன். முனை அப்போதுதான் இரும்பைக் கடிக்க ஆரம்பித்திருந்தது.

"அக்கா, உன் பக்கம்!"

கை தானாக நிமிர்ந்தது.

"போதும். அப்படியே எறக்கு. எறக்கு... வந்துருச்சு!"

இரும்புப் பின், சுத்தியலின் ஒரே தட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. தம்பி துளையையே பார்த்துக்கொண்டு, "அன்னைக்கு நான் போன் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றான்.

"சரி, அடுத்தது" என்றேன்.

இரண்டாவது குழியில் முனையை வைத்தேன். ஓட்டவில்லை. வேண்டுமென்றே ஒரு மயிரிழை என் பக்கம் சாய்த்தேன்.

"அக்கா, உன் பக்கம் சாயுது."

நிமிர்த்தினேன். மறுபடியும் சாய்த்தேன்.

"அக்கா! வேணும்னேதானே பண்ற?"

"ஆமாடா" என்றேன். "இன்னொரு தடவ சொல்லு."