வரிகளை ஒழுங்கு செய்த வெள்ளிக்கிழமை

ஷானவாஸ் கடைசியாகச் சண்டை போட்டது போனில்தான். உத்தமபாளையத்தில் தன் கம்ப்யூட்டர் கடையிலிருந்து, தேனியில் இருக்கும் நண்பன் சுந்தர்ராஜோடு.

"சரிப்பா, ஓட்டித் தொலை! என் கையில இருக்கிறத ஏத்திக்கிடுறேன், அப்புறம் ஓட்டு."

ரிசீவரை வைத்துவிட்டு மனைவி நிலோபரைப் பார்த்துச் சிரித்தான். "ஊரையே மொட்டையடிக்காம விடமாட்டான்." பழுது பார்த்த பிரிண்டர் ஒன்றைக் கொடுக்க ஓடைப்பட்டிக்குக் கிளம்பினான். சின்னமனூர் தாண்டுமுன் லாரி மோதியது.

பழைய தமிழ் எழுத்துருக்களை யூனிகோடுக்கு மாற்றும் நிரலைப் பற்றிய சண்டை அது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். பல ஊர்க்காரர்கள் எழுதியதால் வரிகள் ஆளுக்கொரு தினுசில் கிடந்தன. எல்லாவற்றையும் ஒரே சீராக அடுக்கும் கருவியை ஓட்ட வேண்டும் என்பது சுந்தர்ராஜின் கட்சி. ஓட்டிவிட்டால் முக்கால்வாசி வரிகள் உருமாறும். அதற்குமுன், எல்லோர் வேலையும் வந்து சேரும் பொதுக் காப்பகத்தில் ஏறாத வேலை பிறகு பொருந்தாது.

கணவன் இறந்தபின் வெளியே போகாமல் இருக்கும் இத்தாவில் நிலோபர் வீட்டோடு இருந்தாள். வெள்ளிக்கிழமை, கடையைப் பார்த்துக்கொண்ட அவள் தம்பி நௌஷாத் அங்கிருந்து கூப்பிட்டான்.

"அக்கா, சுந்தர்ராஜ் அண்ணன் துட்டிக்கு வந்தப்பவே சொன்னாக, மறந்துட்டேன். இன்னைக்குச் சாயங்காலம் எதையோ ஓட்டப் போறாகளாம்."

"ஏலே, இப்பவே சாயங்காலந்தானடா!"

சுந்தர்ராஜுக்குச் சுற்றினாள். என்கேஜ்டு. அதே லைனில்தான் அவர் இன்டர்நெட்டைப் போடுவார்.

ஷானவாஸின் வேலை கடை மிசினிலேயே இருந்தது. நிரல் எழுதத் தெரிந்த அவளே பிறகு உட்கார்ந்து அதைப் புது உருவத்துக்குப் பெயர்த்து எழுதலாம். எழுதினால் அது நிலோபர் எழுதியதாகிவிடும்; ஷானவாஸின் மிசினிலிருந்து ஏறினால்தான் அவன் பெயரில் நிற்கும்.

மறுபடி கடைக்குச் சுற்றினாள். "மச்சான் மிசினைப் போடு. கறுப்புத் திரை வருதா? நான் சொல்றத எழுத்துக்கூட்டி அடி."

"திராட்சை விக்கிறவனப் போயி..."

"பேசாம அடிடா!"

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவன் திருப்பிச் சொன்னான். இரண்டு முறை தப்பினான்.

"இப்ப போனை வை. வச்சாத்தான் நெட்டு வரும். வந்ததும் என்டரைத் தட்டு."

வைத்துவிட்டான். கொஞ்சம் பொறுத்துக் கடைக்குச் சுற்றினாள். என்கேஜ்டு. தேனிக்குச் சுற்றினாள். அதுவும் என்கேஜ்டு. இரண்டு பேரும் ஒரே காப்பகத்தின் வாசலில் நின்றார்கள். யார் முந்துவார்கள் என்று தெரியவில்லை.

"யாருக்கு ஆத்தா இம்புட்டுத் தடவ சுத்துற?" என்றார் மாமியார் அம்சத் பீவி. நிலோபர் ரிசீவரை வைத்தாள்.

போன் அடித்தது. நௌஷாத்.

"என்னமோ நம்பர் போட்டு நின்னுருச்சுக்கா."

"மோதுது, முடியாதுன்னு இங்கிலீஷ்ல எதுவும் திட்டியிருக்கா?"

"ஒண்ணும் திட்டல."

அப்படியென்றால் சுந்தர்ராஜ் ஓட்டுமுன்பே ஏறிவிட்டது. மறுபடி மணி அடித்தபோது அம்சத் பீவிதான் எடுத்துக் கொடுத்தார்.

"காப்பகத்துலருந்து பாய் பேர்ல மெயில் வந்துச்சும்மா," என்றார் சுந்தர்ராஜ். "ஓட்டப் போன கை அப்படியே நின்னுருச்சு."

"நாந்தாண்ணே ஏத்தச் சொன்னேன். அவுக வேலை அம்புட்டும் வந்துருச்சு."

"அப்ப... ஓட்டட்டுமா?"

"ஓட்டுங்கண்ணே."

இத்தா முடிந்து கடைக்குப் போன அன்று, ஷானவாஸ் எழுதிய பகுதியில் ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டது யார் என்று காப்பகத்தைக் கேட்டாள். திரை நெடுக சுந்தர்ராஜ், சுந்தர்ராஜ் என்றே வந்தது. பத்திக்கும் பத்திக்கும் நடுவே விட்டிருந்த வெற்று வரிகளில் அடுக்குவதற்கு ஒன்றும் இல்லாததால் கருவி அவற்றைத் தொட்டிருக்கவில்லை. அவற்றுக்கு எதிரே ஷானவாஸ் என்று இருந்தது.