துக்க வீட்டுக் காப்பி

அப்பாவின் பெட்டியை ஆறு பேர் தூக்கிச் சவ வண்டிக்குள் தள்ளிக்கொண்டிருந்தபோது, மேலாளர் கில்தோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரொசெண்டாவிடம் வந்தார்.

"மேடம், அரெவாலோ கடற்கரையில ஒரு சாவு. எல்மர்னு மீன் பிடிக்கிறவர். நம்ம பாலிசிதான். அவங்களும் இன்னைக்கே அடக்கம் பண்றாங்களாம்." கையிலிருந்த உறையைக் காட்டினார். "செக் எழுதிட்டேன். நாளைக்கு வர்றோம்னு சொல்லிடட்டுமா?"

ரொசெண்டா தெருவைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் வெள்ளைச் சீருடையில் பெண்கள் நின்றார்கள். அப்பா கட்டிய தாதியர் பள்ளியின் மாணவிகள். பாதிப் பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். இதே மொலோ தெருக்களில் சைக்கிள் மிதித்து வாரச் சந்தா வாங்கித்தான் அப்பா அனாக்லெட்டோ வில்யாருஸ் இந்தக் காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று தீவுக்குத் தீவு கிளை. ஆனாலும் அவருடைய விதி மாறவில்லை. இறந்தவர் மண்ணுக்குள் போகுமுன் பணம் வீடு சேர வேண்டும். வில்யாருஸ் குடும்பத்தில் ஒருவர் போய்க் கையில் கொடுத்து, உட்கார்ந்து ஒரு காப்பி குடித்துவிட்டு வர வேண்டும். புயல் வாரங்களில்கூட அது தவறியதில்லை.

"ஓட்டான் கல்லறைக்குப் போற வழிதானே. நின்னு கொடுத்துட்டுப் போலாம்" என்றாள்.

பாசிங் அத்தை அவள் முழங்கையைப் பிடித்தாள். "பைத்தியமாடி உனக்கு? கல்லறையில பிஷப் காத்துக்கிட்டிருக்கார். கவர்னர் வேற."

"காத்திருக்கட்டும், அத்தை."

"பிணத்தை வழியில நிறுத்துவாங்களா? நின்ன வீட்டுல இன்னொண்ணு விழும்."

"அங்கதான் ஏற்கெனவே விழுந்துடுச்சே."

"வாயப் பாரு. அப்படியே உங்கப்பன்!" என்று சொல்லிக்கொண்டே அத்தை முதல் ஆளாகக் காரில் ஏறினாள்.

மூங்கில் வீட்டின் முன் ஊர்வலம் மொத்தமும் நின்றது. தார்ப்பாய்க்கடியில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து தொப்பியைக் கழற்றினார்கள். ரொசெண்டா உள்ளே போய் எல்மரின் மனைவி நேலியாவிடம் உறையைக் கொடுத்தாள்.

நேலியா அதைப் பிரிக்கவில்லை. "பெரியவர் போயிட்டார்னு சொன்னாங்க. இனிமே யாரும் இப்படி வர மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"அவரும் வந்திருக்கார். வெளிய வண்டியில."

நேலியா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் இரண்டு கோப்பைகளில் காப்பி ஊற்றினாள். ஒன்றை ரொசெண்டாவிடம் கொடுத்தாள்.

"எங்கப்பா செத்தப்பவும் அவர்தான் வந்தார். சர்க்கரை மட்டும் வேண்டாம்னுட்டார். பிடிக்காதாமே?"

ரொசெண்டா அலமாரியில் இருந்த சர்க்கரை பாட்டிலைப் பார்த்தாள். அடியில் ஒரு விரல் உயரத்துக்குத்தான் இருந்தது.

"யாருக்கு? என் தம்பிக்கா?" காரை விட்டு இறங்க மாட்டேன் என்றிருந்த அத்தை வாசலில் நின்றிருந்தாள். "மூணு கரண்டி இல்லேன்னா கோப்பையைத் தொட மாட்டானே..."

சொல்லி முடிப்பதற்குள் அவள் பார்வையும் அந்த பாட்டிலுக்குப் போனது.

நேலியா பாட்டிலைச் சாய்த்து வழித்து மற்றக் கோப்பையில் மூன்று கரண்டி போட்டாள். நிதானமாகக் கலக்கினாள். வெளியே எடுத்துப்போய்ச் சவ வண்டியின் பின்கண்ணாடிக்கு அருகில் பிடித்தாள்.

கண்ணாடியில் ஆவி வட்டமாகப் படிந்தது. அது கலையும்வரை ஓட்டுநர் வண்டியை எடுக்கவில்லை.